நகல் மனுவும் தகவல் மனுவும்: தருமபுரியிலிருந்து ஓர் ஒப்பாய்வு

தருமபுரி மாவட்டத்தில் நடந்து முடிந்த ஒரு வழக்கின் தீர்ப்பைப் படிக்க விரும்புகிறவர் எழுதிக் கேட்பதற்கு இரண்டு மனுக்கள் இருக்கின்றன. ஒன்று, நீதிமன்றத்தின் நகல் பிரிவில் கொடுக்கும் நகல் மனு. மற்றொன்று, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பும் மனு. முன்னது வக்கீல் குமாஸ்தாக்களின் கைப்பழக்கம்; பின்னது ஊராட்சிக் கணக்கையும் ரேஷன் கடை இருப்பையும் கேட்டுக் கேட்டுத் தேர்ந்தவர்களின் கைப்பழக்கம். இந்த இரு தரப்பினரும் ஒருவர் மனுவை மற்றவர் ஐயத்தோடு பார்ப்பது வழக்கம். நீதிமன்றம் சார்ந்தவர்களுக்குத் தகவல் மனு நடைமுறை தெரியாதவர்களின் அவசரம். ஆர்வலர்களுக்கு நகல் மனு காலனி ஆட்சி விட்டுச்சென்ற மூடிய அலமாரி. இரண்டையும் அருகருகே வைத்து எடைபோட்டால் இந்த இரு தீர்மானங்களும் பாதிதான் நிற்கின்றன.

வெளிப்படையாகத் தெரியும் வேறுபாட்டிலிருந்து தொடங்கலாம். தகவல் சட்டத்தின் 6(2)-ஆம் பிரிவு மனுதாரரிடம் காரணம் கேட்பதைத் தடை செய்கிறது; பதில் அனுப்ப வேண்டிய முகவரிக்கு மேல் அவரைப் பற்றி எதையும் கேட்கக் கூடாது என்கிறது. நகல் மனுவோ மனுதாரர் யார் என்பதிலேயே தொடங்குகிறது. வாதி, பிரதிவாதி, தண்டிக்கப்பட்டவர் என்றால் நகல் அவருடைய உரிமை. சிவில் வழக்கில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20-ஆம் கட்டளை, 20-ஆம் விதி தரப்பினருக்கு அதைத் தருகிறது. குற்ற வழக்கில் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 363-ஆம் பிரிவாக இருந்து, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 404-ஆம் பிரிவாகியிருக்கும் விதி, சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகலை உடனே, கட்டணமின்றிக் கொடுக்கச் சொல்கிறது. வழக்குக்கு வெளியே நிற்பவருக்கு அதே பிரிவு வேறொரு வழி காட்டுகிறது: உயர் நீதிமன்றம் வகுக்கும் விதிகளின்படி கேட்கலாம். அந்த விதிகளின்படி மூன்றாம் நபர் எதற்காகக் கேட்கிறார் என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். கொடுப்பதா வேண்டாமா என்பதை நீதிபதி முடிவு செய்வார்.

ஆக, ஒன்று தாராளம், மற்றொன்று கண்டிப்பு என்று இங்கேயே முடித்துவிடத் தோன்றும். ஆனால் தாராளமான சட்டத்தின் 3-ஆம் பிரிவு, தகவல் உரிமையை இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே தருகிறது. கண்டிப்பான நகல் மனு குடியுரிமை கேட்பதில்லை. ஓசூர்ச் சாலையில் விபத்துக்குள்ளான வெளிநாட்டவரும், நிலத்தகராறில் சிக்கிய ஒரு நிறுவனமும், தாம் தரப்பினராக இருக்கும் வழக்கில் எந்தக் கேள்வியும் இன்றி நகல் வாங்கலாம். ஒரு மனு காரணத்தைக் கேட்காமல் குடியுரிமையைப் பார்க்கிறது; மற்றது குடியுரிமையைப் பாராமல் காரணத்தைக் கேட்கிறது. முழுமையாகத் திறந்த கதவு இரண்டிலும் இல்லை.

அடுத்தது, கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஓர் ஒற்றுமை. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களுக்குப் போகும் தகவல் மனுவின் கட்டணம் 10 ரூபாய். அதை ரொக்கமாகவோ வரைவோலையாகவோ செலுத்தலாம். பெரும்பாலோர் செய்வது, மனுவின் மேல் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டுவது. மக்கள் சொல்வது கோர்ட் பீ ஸ்டாம்பு. நகல் மனுவின் மேலும் ஒட்டுவது அதே வில்லைதான். தாலுகா அலுவலகத்துக்கு மனு எழுதுகிற பென்னாகரத்துக்காரரும், நகல் பிரிவுக்கு மனு எழுதுகிற குமாஸ்தாவும் ஒரே முத்திரைத்தாள் விற்பனையாளரிடம் நிற்கிறார்கள். தகவல் சட்டம் நீதிமன்ற உலகத்திலிருந்து கடன் வாங்கியது இது ஒன்று மட்டுமல்ல. அதன் 2(ஜே) பிரிவு தகவல் உரிமைக்கு விளக்கம் சொல்லும்போது ஆவணங்களைப் பார்வையிடுவதையும், குறிப்பெடுப்பதையும், சான்றிட்ட நகல் பெறுவதையும் வரிசைப்படுத்துகிறது. பொது ஆவணத்துக்குச் சான்றிட்ட நகல் தர வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 76-ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 75-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. பார்வையிட உரிமையுள்ளவர் கட்டணம் செலுத்திக் கேட்டால் அதிகாரி நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்பது அதன் சாரம். நம் நாட்டில் வெளிப்படைத்தன்மை என்ற பேச்சே எழாத காலத்துச் சட்டத்தில், பிற்காலத்துத் தகவல் உரிமையின் கரு கிடந்திருக்கிறது. ஒரு சிறு எச்சரிக்கை: நீதிமன்றத்துக்கே அனுப்பும் தகவல் மனுவுக்கு, சட்டத்தின் 28-ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றம் தனி விதிகள் வகுத்துக்கொள்ளலாம். ஆகவே மற்ற அலுவலகங்களின் பழக்கத்தை அப்படியே கொண்டுபோகாமல், அந்த விதியைப் பார்த்துக் கட்டணம் செலுத்துவது நல்லது.

இரண்டு மனுக்களும் நாட்களை எண்ணுகின்றன. எண்ணும் விதம்தான் வேறு, அந்த வேறுபாடு கவனிக்கத் தக்கது. தகவல் மனுவில் கடிகாரம் அதிகாரிக்கு எதிராக ஓடுகிறது. 30 நாட்களுக்குள் பதில். உயிர் அல்லது தனிமனித விடுதலை சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். கெடு தாண்டினால் மறுத்ததாகவே கருதப்படும். அதன் பிறகு தரும் தகவலுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. தகவல் ஆணையம் நினைத்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அலுவலர் கையிலிருந்தே அபராதம் வசூலிக்கலாம். நகல் பிரிவில் இப்படிப்பட்ட அபராதம் கிடையாது. அதற்குப் பதிலாக, அங்கே தரப்படும் ஒவ்வொரு சான்றிட்ட நகலும் தன் பயணத்தைத் தன் மேலேயே சுமந்து வருகிறது: மனு கொடுத்த நாள், முத்திரைத்தாள் கேட்கப்பட்ட நாள், அது செலுத்தப்பட்ட நாள், நகல் தயாரான நாள், பெற்றுக்கொண்ட நாள்.

இந்தத் தேதிகள் அலங்காரத்துக்கு அல்ல. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 12-ஆம் பிரிவில், மேல்முறையீட்டுக் கெடுவைக் கணக்கிடும்போது நகல் பெறத் தேவைப்பட்ட காலத்தைக் கழித்துவிடச் சொல்கிறது. அரூர் முன்சீப் நீதிமன்றத்தில் தோற்ற ஒரு விவசாயிக்கு 30 நாள் கெடு என்றால், நகல் தயாராக அலுவலகம் எடுத்துக்கொண்ட நாட்கள் அவர் கணக்கில் சேராது. ஆனால் முத்திரைத்தாள் கேட்டு அறிவிப்புப் பலகையில் பட்டியல் போட்ட பிறகு அவர் கட்டாமல் கடத்திய நாட்கள் சேர்ந்துவிடும். தகவல் சட்டம் தாமதித்தவரைத் தண்டிக்கிறது. நகல் விதி தாமதத்தை அளந்து, அது யாருடையதோ அவர் கணக்கில் எழுதுகிறது. தண்டனை இல்லாததால் பழைய முறையைப் பலவீனமானது என்று எண்ணுகிறவர்கள், அதன் அளவுகோல் எவ்வளவு நுட்பமானது என்பதைக் கவனிப்பதில்லை. அதே வேளையில், மேல்முறையீடு செய்யும் எண்ணமே இல்லாத ஓர் ஆய்வு மாணவிக்கு அந்த நுட்பத்தால் எந்தப் பயனும் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவருக்குக் கழிக்க வேண்டிய கெடு கிடையாது. காத்திருக்கும் நாட்கள் மட்டுமே உண்டு.

எதைக் கேட்க முடியாது என்பதிலும் இரண்டும் உறவினர்களே. நகல் பிரிவு கட்டில் உள்ளதைத்தான் படியெடுத்துத் தரும். தீர்ப்பின் ஒரு பத்திக்கு விளக்கம் கேட்க முடியாது. தகவல் சட்டத்தின் கதையும் அதுவே. ஒரு நீதிபதி ஏன் அப்படித் தீர்ப்பளித்தார் என்று தகவல் மனு மூலம் கேட்டவரின் வழக்கை 2010-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது: காரணங்கள் தீர்ப்பிலேயே இருக்கின்றன, பிடிக்கவில்லையென்றால் மேல்முறையீடுதான் வழி. மறு ஆண்டு, மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் விடைத்தாள் வழக்கில், இருக்கிற தகவலைத் தர வேண்டுமே தவிர இல்லாத தகவலைத் தொகுத்து உருவாக்கித் தர வேண்டியதில்லை என்றும் அது தெளிவாக்கியது. ஆகவே ‘எங்கள் ஊர் நில வழக்குகள் அனைத்தையும் தருக’ என்ற மனு இரண்டு இடத்திலும் தோற்கும். ‘இந்த நீதிமன்றத்தில் இந்த ஆண்டின் இந்த எண்ணுள்ள அசல் வழக்கில் தீர்ப்பும் தீர்ப்பாணையும்’ என்பது மட்டுமே நிற்கும்.

எண் கிடைப்பதுதான் முழு வேலையில் பாதி. தருமபுரியின் வரலாறு அந்தப் பாதியைக் கடினமாக்கியிருக்கிறது.

இந்த மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய தலைமுறையின் பாகப்பிரிவினை வழக்கு மேல்முறையீடாகப் போயிருந்தால் அதன் தடத்தைச் சேலத்தில் தேட வேண்டியிருக்கும். பிரிந்த பிறகும் மாவட்ட நீதிமன்றம் நெடுங்காலம் கிருஷ்ணகிரியில்தான் இயங்கியது. பழைய தீர்ப்புகளின் முகப்பில் தருமபுரி மாவட்ட நீதிபதி, கிருஷ்ணகிரி என்று இருப்பதைப் பார்க்கலாம். பிறகு 2004 பிப்ரவரி 9-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. பெயரில் தருமபுரி, இருப்பில் கிருஷ்ணகிரி, அதற்கும் முன்னால் சேலம் என மூன்று நகரங்களின் பதிவறைகளில் ஒரே குடும்பத்தின் வழக்கு வரலாறு சிதறிக் கிடக்கலாம். பாலக்கோட்டுக்காரர் ஒருவர் தாத்தாவின் தீர்ப்பாணையைத் தேடுகிறார் என்றால், ‘எந்த நீதிமன்றம்’ என்பதற்கு முன் ‘எந்த ஆண்டு’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

நிகழ்ந்த இடமும் ஆவணம் இருக்கும் இடமும் ஒன்றல்ல என்பதற்கு இந்த மாவட்டமே வருத்தமான சான்று வைத்திருக்கிறது. 2000 பிப்ரவரி 2 அன்று தருமபுரியை அடுத்த இலக்கியம்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகப் பேருந்து எரிக்கப்பட்டு மூன்று மாணவியர் இறந்தனர். கிருஷ்ணகிரியில் தொடங்கிய விசாரணையில் சாட்சிகள் பிறழ்ந்தபின், உயர் நீதிமன்ற உத்தரவால் வழக்கு சேலத்துக்கு மாறியது. 2007 பிப்ரவரியில் தீர்ப்பு வந்ததும் அங்கேதான். அந்தத் தீர்ப்புக்குத் தருமபுரியில் நகல் மனு போடுகிறவர் வெறுங்கையோடுதான் திரும்புவார். இந்த இடத்தில் தகவல் மனுவுக்கு ஒரு மேன்மை உண்டு. தவறான அலுவலகத்துக்குப் போன மனுவை 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பும் கடமையை 6(3)-ஆம் பிரிவு விதிக்கிறது. நகல் மனுவுக்கு அப்படி நடந்துபோகும் கால்கள் இல்லை. அது கொடுத்த இடத்திலேயே நின்றுவிடும். எனவே தேடுகிறவரே நடக்க வேண்டும். மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் வழக்குக் கட்டும் மேல் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். தருமபுரிக்கு உரிய உயர் நீதிமன்றம் சென்னை அமர்வு. மதுரைக் கிளை அல்ல.

மாறாக, வாச்சாத்தி வழக்கு தருமபுரியிலேயே நின்றது. 1992 ஜூன் 20-ல் சித்தேரி மலையடிவாரத்து அந்தப் பழங்குடி ஊரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நடத்திய வன்முறைக்கு, 1995-ல் உயர் நீதிமன்றம் மத்தியப் புலனாய்வை உத்தரவிட்டு, 269 பேர் குற்றம் சாட்டப்பட்டனர். விசாரணை முடிவதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் எஞ்சிய 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023-ல் அதே செப்டம்பர் 29 அன்று, ஊருக்கே நேரில் வந்து பார்த்துச் சென்ற நீதிபதி பி. வேல்முருகன் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். பாலியல் வன்முறைக்கு ஆளான 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டார். ஒரே நிகழ்வின் இரண்டு தீர்ப்புகள். இரண்டாவதை உயர் நீதிமன்ற இணையதளத்தில் எவரும், எந்தக் காரணமும் சொல்லாமல் படிக்கலாம். முதலாவதன் சான்றிட்ட நகலை அரூர் அரசுக் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டால் அவர் மூன்றாம் நபர். பிரமாணப் பத்திரம் எழுத வேண்டும். மேல் நீதிமன்றத் தீர்ப்பு திறந்திருக்கிறது, அது உறுதி செய்த கீழ் நீதிமன்றத் தீர்ப்புக்கு அனுமதி தேவைப்படுகிறது என்ற இந்த நிலை எனக்கு நியாயமாகப் படவில்லை. பாதிக்கப்பட்ட பெண்களின் அடையாளத்தைக் காப்பது தனி விஷயம். முன்பு தண்டனைச் சட்டத்தின் 228-ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு அந்த அடையாளத்தை வெளியிடுவதைத் தெளிவாகவே தடுக்கிறது. எந்த மனு வழியே தீர்ப்பு கைக்கு வந்தாலும் அந்தத் தடை கூடவே வரும்.

அப்படியானால் மாணவர் காரணம் கேட்காத தகவல் மனுவைப் போடலாமே? இந்தக் கேள்விதான் 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிவானது. குஜராத் உயர் நீதிமன்றத்து வழக்கு ஆவணங்களை ஒருவர் தகவல் மனு மூலம் கேட்டார். மத்தியத் தகவல் ஆணையம் கொடுக்கச் சொன்னது. உயர் நீதிமன்றம் மறுத்தது. மூவர் அமர்வு உயர் நீதிமன்றத்தின் பக்கம் நின்றது. தகவல் சட்டம் தனக்கு முரணான சட்டங்களை மீறி நிற்கும் என்று 22-ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் நீதிமன்ற விதிகள் நகலை மறுக்கவில்லை, பெறும் முறையை மட்டுமே வேறாக வைத்திருக்கின்றன, எனவே முரண் எதுவும் இல்லை என்பது அமர்வின் வாதம். நீதித்துறைப் பக்கத்து ஆவணங்களுக்கு நகல் மனுதான் வழி. தகவல் சட்டத்தைச் சுற்றுவழியாக்கக் கூடாது.

அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆர். பானுமதி. அவர் 1981-ல் வழக்கறிஞராகப் பதிவு செய்து, 1988-ல் நேரடியாக மாவட்ட நீதிபதியாகும் வரை தொழில் செய்தது திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, அரூர் நீதிமன்றங்களில். கடைசி இரண்டும் அன்று தருமபுரி மாவட்டம். நாட்டின் நீதிமன்ற வழக்கு ஆவணங்களுக்கு எந்த மனு செல்லும் என்று வகுத்தவர், இந்த மாவட்டத்து மொபசல் நீதிமன்றங்களில் தொழில் பழகியவர். நகல் மனு வேலை செய்கிறது என்று அந்தத் தீர்ப்பு காட்டும் நம்பிக்கைக்கும் அந்த அனுபவத்துக்கும் தொடர்பு உண்டா என்று சொல்ல நமக்கு ஆதாரம் இல்லை. ஆனால் தரப்பினரின் நோக்கில் அந்த நம்பிக்கை தவறல்ல என்பதை மேலே கண்ட தேதி வரிசையே காட்டுகிறது.

வெளிநாடுகளைப் பார்த்தால் தராசு இன்னும் சுவாரசியமாக அசைகிறது. நீதிமன்றத்தின் வழக்கு ஆவணங்களைத் தகவல் சட்டத்துக்கு வெளியே வைத்தது நம் நாட்டுப் பின்னடைவு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவின் கூட்டாட்சித் தகவல் சுதந்திரச் சட்டம் நீதிமன்றங்களைத் தொடுவதே இல்லை. பிரிட்டனின் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் 32-ஆம் பிரிவில் நீதிமன்ற ஆவணங்களுக்கு விலக்கு அளிக்கிறது. மாறாக, சுவீடனில் 1766-லிருந்து வளர்ந்த வெளிப்படைக் கொள்கை நீதிமன்றங்களையும் உள்ளடக்கியது; அங்கே இரண்டு மனு என்ற பிரிவினையே எழவில்லை. அதாவது தனி வழி வைத்திருப்பது இந்தியாவின் விசித்திரம் அல்ல. அந்தத் தனி வழியில் நின்று என்ன கேட்கிறார்கள் என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம். அமெரிக்க மாவட்டமொன்றின் நீதிமன்ற எழுத்தரிடம் போகிறவர் பொதுவாகக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கூட்டாட்சி நீதிமன்ற ஆவணங்கள் இணையத்தில் பக்கத்துக்கு 10 சென்ட். இங்கிலாந்தில் சிவில் வழக்கின் வாதுரைகளையும், வெளிப்படையாக வழங்கப்பட்ட தீர்ப்பையும் வெளியார் கட்டணம் கட்டி அனுமதியின்றிப் பெறலாம். நம்மிடம் தனி வழியும் உண்டு, அதில் காரணமும் கேட்கப்படுகிறது.

வழக்கு நடக்கும்போது இந்தக் கேள்வி இல்லை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். சிவில், குற்றவியல் இரு நடைமுறைச் சட்டங்களும் நீதிமன்றத்தைப் பொதுமக்களுக்குத் திறந்த இடம் என்கின்றன. தருமபுரி நீதிமன்ற அறையின் பின்வரிசையில் உட்கார்ந்து ஒருவர் தீர்ப்பு வாசிக்கப்படுவதைக் கேட்கலாம். அதே தீர்ப்பைக் காகிதத்தில் கேட்கும்போது மட்டும் அவர் மூன்றாம் நபராகிறார்.

தரப்பினர் தாக்கல் செய்த சான்றாவணங்கள் விஷயத்தில் காரணம் கேட்கும் இந்த எச்சரிக்கை எனக்கு ஏற்புடையதே. ஒருவருடைய மருத்துவச் சீட்டும் வங்கிக் கணக்கும் குடும்பக் கடிதமும், வழக்கில் தாக்கலான ஒரே காரணத்தால் ஊர்ச் சொத்தாகிவிடாது. இதே அக்கறையைத் தகவல் சட்டமும் 8(1)(ஜே) பிரிவில் கொண்டிருக்கிறது. குற்ற வழக்குகளில் நீதிமன்றமே ஒரு கோடு போட்டிருக்கிறது: முதல் தகவல் அறிக்கையை, நுண்ணுணர்வான வழக்குகள் நீங்கலாக, 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, குற்றப்பத்திரிகையை அப்படி ஏற்றத் தேவையில்லை, அது பொது ஆவணம் அல்ல என்று 2023 ஜனவரியில் கூறியது. ஆவணத்துக்கு ஆவணம் வேறுபாடு காண்பது சரி. முடிந்த வழக்கின் தீர்ப்பையும் சான்றாவணத்தையும் ஒரே பிரமாணப் பத்திரத்தின்கீழ் வைப்பதுதான் பிசகு.

நீதிமன்றங்களே இந்த வேறுபாட்டைச் செயலில் ஒப்புக்கொண்டுவிட்டன என்பது இந்த ஒப்பீட்டில் நான் கண்ட எதிர்பாராத இணக்கம். இ-கோர்ட்ஸ் தளத்தில் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் தேர்ந்தெடுத்தால், வழக்கு எண்ணாலோ தரப்பினர் பெயராலோ முதல் தகவல் அறிக்கை எண்ணாலோ வழக்கறிஞர் பெயராலோ தேடலாம். வழக்கின் தனி அடையாளமான, 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண் கையில் இருந்தால் அது ஒன்றே போதும். அடுத்த வாய்தா, முந்தைய உத்தரவுகள், பதிவேற்றியிருந்தால் தீர்ப்பு, எல்லாம் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. யார் என்றும் கேட்பதில்லை, ஏன் என்றும் கேட்பதில்லை. பெயரால் தேடும்போது ஒரு சிரமம் உண்டு: பெயர்கள் ஆங்கில எழுத்தில் பதிவாகியிருப்பதால் ஒரே மாரியப்பன் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களில் இருப்பார், தலைப்பெழுத்து முன்னும் பின்னுமாக மாறியிருக்கும். பெயரின் முதல் சில எழுத்துகளை மட்டும் கொடுத்து, ஆண்டு ஆண்டாகத் தேடுவது பயன் தரும். கணினிக்கு முந்தைய வழக்குகள் பெரும்பாலும் அகப்படா. அவற்றுக்கு வீட்டிலுள்ள பழைய வக்கீல் கடிதம், சார்பதிவாளர் அலுவலக வில்லங்கச் சான்றில் தென்படும் தீர்ப்பாணைப் பதிவு, நீதிமன்ற வழக்குப் பதிவேடு என்று பின்னோக்கிப் போக வேண்டும்.

தகவல் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, மக்கள் மனுப் போடவே அவசியமில்லாத அளவுக்கு அலுவலகங்கள் தாமாகவே தகவலை வெளியிட வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்திலிருந்து தன் வழக்குக் கட்டுகளை விலக்கிவைத்த நீதித்துறை, அதே சட்டத்தின் இந்த விருப்பத்தை மற்ற பல அரசுத் துறைகளைவிடக் கூடுதலாக நிறைவேற்றியிருக்கிறது. இணையத்தில் கிடைப்பது படிப்பதற்கு மட்டும். முத்திரையோ கையொப்பமோ இல்லாத அந்தப் பிரதியை இன்னொரு வழக்கில் சாட்சியமாகக் குறிக்கக் கொடுக்க முடியாது, அதற்குச் சான்றிட்ட நகல்தான் வேண்டும். ஆனால் படிக்க மட்டும் விரும்புகிறவருக்குத் திரையில் கேட்காத காரணத்தை நகல் பிரிவில் கேட்பதற்கு இப்போது என்ன அடிப்படை இருக்கிறது? இறுதித் தீர்ப்புகளுக்கு மட்டுமாவது மூன்றாம் நபரிடம் கட்டணத்தை வாங்கிக்கொண்டு பிரமாணப் பத்திரத்தை விட்டுவிடலாம். இதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை; குற்ற வழக்குத் தீர்ப்புகளைப் பொறுத்தவரை விதி வகுக்கும் அதிகாரத்தை 404-ஆம் பிரிவு ஏற்கெனவே உயர் நீதிமன்றத்திடம் கொடுத்திருக்கிறது.

இந்த மாற்றத்தைக் கோருகிறவர்களுக்கு, ஒதுக்கி வைக்கப்பட்டதாகத் தோன்றும் தகவல் மனுவே துணைக்கு வரும். 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பு விலக்கியது நீதித்துறைப் பக்கத்து ஆவணங்களை. நீதிமன்றமும் ஒரு பொது அதிகார அமைப்பே என்பதால் அதன் நிர்வாகப் பக்கம் தகவல் சட்டத்துக்குள்தான் இருக்கிறது. ஒரு வழக்கின் நகலைத் தகவல் மனு பெற்றுத் தராது. நகல் பிரிவில் எத்தனை பணியிடம், அவற்றில் எத்தனை காலி, சென்ற ஆண்டில் வந்த நகல் மனுக்கள் எத்தனை, அவற்றில் மூன்றாம் நபர்களுடையவை எத்தனை, மறுக்கப்பட்டவை எத்தனை என்று அது கேட்கலாம். அலுவலகம் இப்படிக் கணக்கெடுத்து வைக்கவில்லை என்றால், தொகுத்துத் தர வேண்டியதில்லை என்ற பதில் வரக்கூடும். அதை முன்கூட்டியே எண்ணி, அதே மனுவில் நகல் மனுப் பதிவேட்டைப் பார்வையிட்டுக் குறிப்பெடுக்கவும் 2(ஜே) பிரிவின்படி அனுமதி கேட்டு ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது.